சிஎன்சி ரவுட்டர் ஸ்டெப் விடுதா? ட்யூனிங், வோல்டேஜ், பெரிய மோட்டார், க்ளோஸ்டு லூப்: எதுக்கு எது?

ஹாபி சிஎன்சி ரவுட்டர் பாதி வேலையில உறுமிட்டு நின்னுடுது, இல்லன்னா நிக்காமலே ஓடி முடிச்சுட்டு கடைசியில பாத்தா டிசைன் ஒரு பக்கமா தள்ளி விழுந்திருக்கு. இப்படின்னா எல்லாரும் சொல்றது நாலே நாலு வழி தான்: ஸ்பீட குறை, டிரைவரும் (மோட்டாருக்கு கரன்ட் கொடுக்கற போர்டு) பவர் சப்ளையும் மாத்து, பெரிய மோட்டார் போடு, க்ளோஸ்டு லூப்புக்கு (மோட்டார் நிஜமாவே நகர்ந்துச்சான்னு பாத்துக்கற வகை) போயிடு. நாலுமே எங்கயோ ஒரு இடத்துல வேலை செய்யும், ஆனா ஒண்ணோட வேலைய இன்னொண்ணு செய்யாது. என்னைக் கேட்டா நிறைய மெஷினுக்கு ரெண்டாவது வழி தான் சரி, மூணாவது தான் காச கரைக்கிற வழி, ஏன்னு பாக்கலாம்.

அதுக்கு முன்னாடி தப்பு எந்த வகைன்னு தெரிஞ்சாகணும். போகப் போக தள்ளல் கூடிக்கிட்டே போனா ஸ்டெப் விடுதுன்னு அர்த்தம், அதாவது கன்ட்ரோலர் சொன்ன அடிய மோட்டார் எடுக்காம தவற விடுது. தள்ளல் கூடாம, ஒவ்வொரு தடவை திசை மாறும்போதும் அதே அளவு மட்டும் இடிச்சா அது பேக்லாஷ் (ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவுல இருக்கிற மாதிரியான லூசு இடைவெளி), வட்டம் வெட்டினா நாலு இடத்துல லேசா தட்டையாவோ படி விழுந்த மாதிரியோ தெரியும். 100 மி.மீ கேட்டா 101, 200 கேட்டா 202ன்னு அளவுக்கு தகுந்த மாதிரி தப்பு வந்தா அது ஸ்டெப்ஸ் பெர் மி.மீ செட்டிங் (ஒரு மி.மீ நகர எத்தன பல்ஸ்), ஜிஆர்பிஎல்ல (கன்ட்ரோலர்ல ஓடற சாஃப்ட்வேர்) $100ல இருந்து $102 வரைக்கும் சரி பண்ணா முடிஞ்சது. இந்த கடைசி ரெண்டுக்கும் மோட்டார், டிரைவர் எத மாத்தினாலும் ஒரு பிரயோஜனமும் இல்ல.

ஸ்டெப் விடுறதுலயே இன்னொரு சூப்பரான தடயம் இருக்கு, நிறைய பேர் இத யூஸ் பண்றதே இல்ல. நம்ம சாதா 1.8 டிகிரி ஸ்டெப்பர் பிடிய விட்டா அது இஷ்டத்துக்கு ஏதோ ஒரு அளவுக்கு நழுவாது, நாலு ஃபுல் ஸ்டெப்போட மடங்குல தான் தாவும், ஏன்னா காயில்ல கரன்ட் சுத்தி வர்ற ஒரு ரவுண்டுக்கு நாலு ஃபுல் ஸ்டெப். ஒரு சுத்துக்கு 200 ஸ்டெப், அப்போ நாலு ஸ்டெப்னா ஐம்பதுல ஒரு சுத்து. ஒரு சுத்துக்கு 8 மி.மீ நகர்ற டி8 லீட் ஸ்க்ரூன்னா 0.16 மி.மீ, ஒரு சுத்துக்கு 5 மி.மீ நகர்ற 1605 பால் ஸ்க்ரூன்னா 0.1 மி.மீ, 20 பல்லு புல்லி போட்ட, ஒரு சுத்துக்கு 40 மி.மீ நகர்ற ஜிடி2 பெல்ட்னா 0.8 மி.மீ. டயல் இண்டிகேட்டர் வச்சு ஜீரோவுக்கு ஒரே பக்கத்துல இருந்து வந்து நின்னு அளந்து பாருங்க. பெல்ட் மெஷின்ல தள்ளல் 0.8, 1.6, 2.4ன்னு வந்தா மோட்டார் தான் தோத்துருக்கு. 1.1, 0.35ன்னு எதுக்கும் சேராத நம்பரா வந்தா மோட்டார் மேல பழி போடாதீங்க, முதல்ல ஆலன் கீ எடுத்து புல்லியோட க்ரப் ஸ்க்ரூவ பாருங்க, மோட்டார் ஷாஃப்ட்டோட தட்டை பக்கத்துல உக்காராம உருண்டை பக்கத்துல உக்காந்திருக்கும், இறுக்கமா இருக்கிற மாதிரியே தெரியும் ஆனா லோடு வந்தா வழுக்கும். பால் ஸ்க்ரூல 0.1 ரொம்ப சின்ன அளவுங்கறதால இந்த டெஸ்ட் அவ்வளவா எடுபடாது, அங்க கப்ளர் மேலயும் ஷாஃப்ட் மேலயும் சேர்த்து மார்க்கர்ல ஒரு கோடு போட்டு, வேலை முடிஞ்சதும் கோடு நேரா இருக்கான்னு பாக்கறது தான் ஈஸி.

இப்போ முதல் வழி, ஸ்பீட குறைக்கறது. செலவே இல்ல, அதனால எல்லாரும் முதல்ல இத தான் செய்வாங்க, ஆனா எந்த ஸ்பீடுங்கறது தான் கேள்வி. ஜி0ல (வெட்டாம இடம் மாறற ஓட்டம்) காத்துல வேகமா ஓடும்போதே உறுமுதுன்னா மேக்ஸ் ரேட், அதாவது $110 வரிசை. மூலையில திரும்பும்போதும் கிளம்பும்போதும் மட்டும் விடுதுன்னா ஆக்சிலரேஷன், $120 வரிசை, இத பாதியா குறைச்சா சிம்பிள் வேலைகள்ல மொத்த நேரம் பெருசா மாறாது, ஆனா சின்ன சின்ன வளைவு நிறைய இருக்கிற 3டி கார்விங்ல நல்லாவே இழுக்கும். மரத்துக்குள்ள இறங்கின அப்புறம் தான் நிக்குதுன்னா லோடு அதிகம். இந்த மூணாவது கேஸ்ல ஃபீட (வெட்டிக்கிட்டே நகர்ற வேகம்) குறைக்கறத விட ஒரு பாஸுக்கான டெப்த குறைக்கறது தான் நல்லதுன்னு அடிச்சு சொல்வேன். 18000 ஆர்பிஎம்ல ரெண்டு ஃப்ளூட் (வெட்டற பல்லு) பிட், ஒரு பல்லு 0.05 மி.மீ கடிக்கணும்னா ஃபீட் நிமிஷத்துக்கு 1800 மி.மீ வரணும். பயந்து போய் 400க்கு இறக்கினா ஒரு பல்லு 0.011 மி.மீ தான் கடிக்குது, அது வெட்டறது இல்ல, தேய்க்கறது, பிட் சூடாகி மொண்ணையாகி மரம் கருகி, மொண்ணை பிட்டால லோடு இன்னும் ஏறி, திரும்பவும் மெஷின் நிக்கும். ஃபீட குறைச்சே ஆகணும்னா ஸ்பிண்டில் (பிட்ட சுத்தற மோட்டார்) ஆர்பிஎம்மையும் சேர்த்து குறைங்க.

இதோட கூடவே ஒரு தப்பான வைத்தியம் சுத்திட்டிருக்கு, மைக்ரோஸ்டெப்ப (ஒரு ஃபுல் ஸ்டெப்ப எத்தன துண்டா பிரிக்கறதுங்கற செட்டிங்) 32க்கு ஏத்தினா அக்யூரசி கூடும்னு. கூடாது. ஓட்டம் ஸ்மூத்தா இருக்கும், ஆனா ஒவ்வொரு மைக்ரோஸ்டெப்புக்கும் கிடைக்கிற டார்க் ரொம்ப கம்மி, உராய்வ தாண்டறதுக்கே பத்தாது. அது போக 8 பிட் ஆர்டுயினோவுல ஓடற ஜிஆர்பிஎல் செகண்டுக்கு ஏறக்குறைய 30000 பல்ஸ் தான் தாங்கும். டி8 ஸ்க்ரூல 16 மைக்ரோஸ்டெப்னா மி.மீக்கு 400 பல்ஸ், நிமிஷத்துக்கு 4500 மி.மீ வரைக்கும் போகலாம், 32 வச்சா அது 2250க்கு இறங்கிடும்.

அடுத்து பெரிய மோட்டாரா, இல்ல வோல்டேஜ கூட்டி நல்ல டிரைவரா? இங்க தான் நிறைய பேர் மோட்டார் பெட்டி மேல போட்டிருக்கிற ஹோல்டிங் டார்க் நம்பர பாத்து வாங்கிடறாங்க. அந்த நம்பர் மோட்டார் நின்னுட்டு இருக்கும்போது. சுத்த ஆரம்பிச்சா காயில் கரன்ட்ட உள்ள ஏத்த நேரம் வேணும், வேகம் கூடக் கூட அந்த நேரம் சுருங்கும், அது போக மோட்டாரே உருவாக்கற எதிர் வோல்டேஜ் வேற கரன்ட்ட தடுக்கும், அதனால டார்க் சரிஞ்சுடும். கரன்ட் எவ்வளவு சீக்கிரம் ஏறும்ங்கறது வோல்டேஜையும் காயிலோட இண்டக்டன்ஸையும் (கரன்ட் மாறறத எதிர்க்கற குணம்) பொறுத்தது. 24 வோல்ட்ட 48 ஆக்கினா, டார்க் தாங்கற வேகமும் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு தள்ளிப் போகும். ஆனா பெரிய மோட்டாருக்கு பெரும்பாலும் இண்டக்டன்ஸும் அதிகம், உள்ள சுத்தற ரோட்டரோட எடையும் அதிகம், அத பழைய 24 வோல்ட்லயே பழைய சின்ன டிரைவர்லயே மாட்டினா மெதுவா போகும்போது மலைய இழுக்கும், வேகமா போகும்போது பழைய நீமா 17ஐ (சின்ன சைஸ் மோட்டார்) விட சீக்கிரமாவே கூட நின்னுடலாம்.

டிரைவர் பக்கம் பாத்தா, ஷீல்டுல சொருகற ஏ4988க்கு லிமிட் 35 வோல்ட், 2 ஆம்ப்னு எழுதியிருந்தாலும் ஹீட்சிங்க்கும் ஃபேனும் இல்லாம 1 ஆம்ப் கிட்ட போனாலே சூடு ஏறிடும், டிஆர்வி8825 45 வோல்ட் வரைக்கும் தாங்கும் ஆனா அதுக்கும் அதே சூடு பிரச்சனை. இதுங்க சூடு தாங்காம தானே ஒரு நொடி ஆஃப் ஆகி ஆறினதும் திரும்ப ஆன் ஆகும், மெஷின் நிக்காம தொடர்ந்து ஓடும், டிசைன் மட்டும் தள்ளிப் போயிருக்கும். பத்து இருபது நிமிஷம் நல்லா ஓடிட்டு அப்புறம் தப்பு வருதுன்னா சூடு தான் முதல் சந்தேகம். 3 ஆம்ப் நீமா 23 (நீமா 17ஐ விட பெரிய சைஸ்) மோட்டார இந்த குட்டி டிரைவர்ல மாட்டறது வேஸ்ட், பாதி டார்க் கூட கிடைக்காது. டிபி6600 டிரைவர் 4 ஆம்ப் கிட்ட, 42 வோல்ட் வரைக்கும்னு வருது, அந்த பேர்ல வர்ற பலதுல உள்ள வேற சிப் இருக்கும். டிஎம்542 வகை 50 வோல்ட், 4.2 ஆம்ப், டிஜிட்டல், மோட்டார் நடு வேகத்துல அதிர்ந்து பிடிய விடற ரெசனன்ஸ அடக்கும். ரெண்டுல ஒண்ணுன்னா நான் யோசிக்காம டிஎம்542 பக்கம் தான், கூட ஒரு 36 வோல்ட் சப்ளை போட்டா 50 வோல்ட் லிமிட்டுக்கு நல்லா இடைவெளியும் இருக்கும். மோட்டார் பிரேக் அடிக்கும்போது வோல்டேஜ் திரும்பி சப்ளைக்குள்ள ஏறும், அதனால லிமிட்ட ஒட்டி ஓட்டாதீங்க.

புது டிரைவர் போட்ட அப்புறம் வேற ஒரு வினோதமான தள்ளல் வரலாம், லோடே இல்லாம, ஒரே பக்கமா, மெதுவா நகர்ந்துட்டே இருக்கும், ஜிக்ஜாக் பாக்கெட் வெட்டினா ரொம்ப தெளிவா தெரியும். ஸ்டெப் சிக்னலோட போலாரிட்டி தலைகீழா இருந்தா திசை மாறும்போதெல்லாம் ஒரு மைக்ரோஸ்டெப் தப்பிப் போகும். $2 செட்டிங்க மாத்தினா சரியாயிடும், எதையும் கழட்ட வேண்டாம்.

க்ளோஸ்டு லூப் ஸ்டெப்பர் நிஜமாவே நல்ல பொருள், ஆனா அது என்ன பண்ணும்னு சரியா புரிஞ்சுக்கணும். மோட்டார் எவ்வளவு சுத்துதுன்னு பாக்கற என்கோடர் மோட்டார் முதுகுல இருக்கு. மோட்டார் பின் தங்கினா கரன்ட்ட ஏத்தி பிடிக்கும், சும்மா இருக்கும்போது கரன்ட் கம்மியா எடுக்கறதால சூடும் கம்மி. கப்ளருக்கு அந்தப் பக்கம் நடக்கற எதுவும் அதுக்கு தெரியாது, ஸ்க்ரூ நட்டு தேய்ஞ்சிருந்தாலும் பெல்ட் தளர்ந்திருந்தாலும் கேன்ட்ரி (ஸ்பிண்டில சுமக்கற குறுக்கு பாலம்) வளைஞ்சாலும் எல்லாம் சரின்னு தான் சொல்லும். என் பார்வையில இதோட பெரிய லாபம் டார்க் இல்ல, அலாரம் வயர். மோட்டார் தாங்க முடியாம போனா அலாரம் அடிச்சு நிக்கும், அந்த வயர கன்ட்ரோலரோட நிறுத்தற இன்புட்டுல கட்டணும். கட்டாம விட்டா என்ன ஆகும்னா, ரெண்டு மோட்டார் இருக்கிற ஒய் ஆக்சிஸ்ல ஒரு பக்கம் அலாரத்துல நின்னுடும், இன்னொரு பக்கம் தள்ளிக்கிட்டே போகும், கேன்ட்ரி கோணலா முறுக்கிக்கும். அந்த ஒரு வயர கட்ட சோம்பல்னா ஓபன் லூப்லயே (என்கோடர் இல்லாத சாதா வகை) இருக்கறது பெட்டர்.

பேக்லாஷுக்கு ஸ்ப்ரிங் வச்ச ஆன்டி பேக்லாஷ் நட்டா, பால் ஸ்க்ரூவான்னா, லேசான மரவேலைக்கு நட்டே போதும், அலுமினியம் வெட்டணும்னா பால் ஸ்க்ரூ. பால் ஸ்க்ரூவுக்கு உராய்வு கம்மி, அதனால பவர் போனா இசட் ஆக்சிஸ் ஸ்பிண்டில் எடைக்கு தானா கீழ இறங்கும், $1ஐ 255ல வச்சா பவர் இருக்கற வரைக்கும் மோட்டார் பிடிச்சிருக்கும். சாஃப்ட்வேர்ல பேக்லாஷ் காம்பன்சேஷன் மாக்3லயும் லினக்ஸ்சிஎன்சிலயும் இருக்கு, ஆனா பிட் மரத்த கடிச்சு இழுக்கும்போது ஆக்சிஸ் அந்த இடைவெளிக்குள்ள ஆடத்தான் செய்யும், அத எந்த சாஃப்ட்வேரும் பிடிக்காது.

மெஷின் தள்ளாம மொத்தமா உறைஞ்சு நின்னு கனெக்ஷனே போயிடுச்சுன்னா மோட்டார் கதையே இல்ல, யூஎஸ்பி. பிட்ட கழட்டிட்டு அதே ஃபைல ஸ்பிண்டில் ஆஃப்ல ஒரு தடவை, ஆன்ல ஒரு தடவை காத்துல ஓட்டுங்க. ஆன்ல மட்டும் நின்னா எலக்ட்ரிக்கல் நாய்ஸ், குட்டை கேபிள், ஃபெரைட் (நாய்ஸ தடுக்கற வளையம்), ஸ்பிண்டில் வயர தள்ளி எடுத்துட்டு போறது, தூசி உறிஞ்சற ஹோஸுக்கு எர்த் இதெல்லாம் செய்யலாம், ஆஃப்லைன் கன்ட்ரோலர் போட்டா கம்ப்யூட்டரோட யூஎஸ்பி தொல்லை அடியோட போயிடும்.

இசட் மட்டும் போகப் போக ஆழமா வெட்டிட்டே போனா இந்த நாலு வழியில எதுக்கும் போகாதீங்க. அப்கட் பிட் வெட்டும்போது தன்னையே கீழ இழுத்துக்கும், காலெட்ல (பிட்ட பிடிச்சிருக்கிற கவ்வி) தூசி இருந்தாலோ தேய்ஞ்சிருந்தாலோ பிட் கொஞ்சம் கொஞ்சமா வழுக்கி இறங்கும், பாக்க அப்படியே ஸ்டெப் விட்ட மாதிரி இருக்கும். பிட் காலெட்டுக்குள்ள போற இடத்துல மார்க்கர்ல ஒரு கோடு போட்டுட்டு ஓட்டுங்க, கோடு காலெட் வாயில இருந்து கீழ இறங்கியிருந்தா காலெட்ட சுத்தம் பண்ணுங்க, அப்படியும் இறங்கினா புதுசு மாத்துங்க, இசட் மோட்டார் பக்கமே போக வேண்டாம்.