விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட்: பழைய மடிக்கணினியில் கேம், நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5 8250யூ பிராசஸர், 2 ஜிபி என்விடியா எம்எக்ஸ்150 கிராபிக்ஸ், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, கூடவே 1 டிபி ஹார்ட் டிஸ்க். புழங்குவது கும்பகோணத்தில். விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் மின்ட் 22 என்ற இலவச ஓஎஸ்ஸை (இயங்குதளத்தை) போட்டு, கேம் கடையான ஸ்டீமில் உள்ள, விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் வழியாகக் கேம் ஓடுகிறது. தனியாக ஆடும் கதைக் கேம்களுக்கு இனி விண்டோஸ் தேவையே இல்லை என்று தைரியமாகச் சொல்லலாம். 8 ஜிபி ரேமில் பின்னணிச் சுமை குறைவு என்பதால் திணறலும் குறைவு. தொல்லை எல்லாம் ஒரே டிஸ்கை இரண்டு ஓஎஸ் பங்கு போட்டுக்கொள்ளும் இடத்தில்தான் வருகிறது.

முதலில் எந்த மடிக்கணினிக்கு இது ஒத்துவரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட புரோட்டான், விண்டோஸ் கேம் கேட்கும் டைரக்ட்எக்ஸ் கிராபிக்ஸ் வேலைகளை லினக்ஸிலும் ஓடும் வல்கன் முறைக்கு மாற்றிக் கொடுக்கிறது. அதனால் கிராபிக்ஸ் சிப் வல்கன் 1.3-ஐத் தாங்க வேண்டும். இன்டெலில் ஆறாம் தலைமுறை முதல் கவலையில்லை. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தவை டெல்டா வீடுகளில் இன்னும் கிடக்கின்றன. விண்டோஸும் பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தவை அவை. ஆரம்ப வருஷத்து மாடல்களில் வல்கன் வராது, அவற்றில் இதை முயன்று நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்ஸ்டால் செய்யும் முன் விண்டோஸில் மூன்று வேலை. டிஸ்கைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயை எழுதி வையுங்கள், அல்லது என்கிரிப்ஷனை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷனில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துங்கள். பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இடத்தைச் சுருக்குங்கள்: எஸ்எஸ்டியில் லினக்ஸுக்கு 60 ஜிபி, ஹார்ட் டிஸ்கில் கேமுக்கு 500 ஜிபி. இன்ஸ்டாலர் வைஃபையைக் கண்டுகொள்ளாவிட்டால் போனை யூஎஸ்பியில் செருகி டெதரிங் போட்டால் போதும், நெட் வந்துவிடும்.

அந்த 500 ஜிபியைக் கட்டாயம் லினக்ஸின் கோப்பு முறையான இஎக்ஸ்டி4 ஆகவே ஃபார்மட் செய்யுங்கள். ஏற்கெனவே விண்டோஸில் இறக்கிய கேம்கள் விண்டோஸின் கோப்பு முறையான என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனில் இருக்கின்றனவே, அதையே ஸ்டீமுக்குக் காட்டிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். ப்ளே பட்டனை அழுத்துவீர்கள், இரண்டு நொடி ஓடுவதுபோல் காட்டும், மறுபடி ப்ளே என்றே வந்து நிற்கும். ஒவ்வொரு கேமுக்கும் ஒரு பொய் சி டிரைவைப் புரோட்டான் உருவாக்குகிறது. அதில் டிரைவ் எழுத்தோடு முக்காற்புள்ளி சேர்ந்த பெயரில் இணைப்புகள் இருக்கும். அந்தக் குறி விண்டோஸின் கோப்புப் பெயர்களில் ஆகாது. அதனால் என்டிஎஃப்எஸ்ஸில் அவை உருவாகாமல் போகலாம், உருவானாலும் பின்னால் விண்டோஸ் டிஸ்கைச் சரிபார்க்கும்போது கெட்டுப்போகலாம். கேம் ஃபோல்டரை அப்படியே இஎக்ஸ்டி4-க்கு நகலெடுத்து, ஸ்டீமில் இன்ஸ்டால் கொடுத்தால் இருக்கும் கோப்புகளைச் சரிபார்த்து எடுத்துக்கொள்ளும். திரும்ப இறக்க வேண்டியதில்லை.

கரண்ட் விஷயமும் இதோடு சேர்ந்தது. ஐப்பசி கார்த்திகை மழையில் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பேட்டரி செத்துப்போன மடிக்கணினியில் ஆட்டத்தின் நடுவே அணைந்தால், இஎக்ஸ்டி4 மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் ஜர்னலைப் படித்து அடுத்த முறை தானே சரியாகிவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது அறுந்த என்டிஎஃப்எஸ் அப்படியல்ல: லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் விடும், அல்லது திறக்கவே மறுக்கும். விண்டோஸுக்குப் போய் டிஸ்க் செக் ஓட்டினால்தான் திரும்பும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை விட்டுவைத்தாலும் இதே கோளாறு வரும், ஏனென்றால் விண்டோஸ் முழுதாக அணையாமல் பாதித் தூக்கத்தில் டிஸ்கைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

கடிகாரம் ஐந்தரை மணி நேரம் தப்பினால் பயப்பட வேண்டாம். மதர்போர்டு கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலக நேரத்தையும் வைக்கின்றன. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது.

என்விடியா டிரைவரை மின்ட்டின் டிரைவர் மேனேஜரிலிருந்தே போடுங்கள். கையெழுத்தில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட் ஆனில் இருந்தால் அப்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். அதில் என்ரோல் என்பதைத் தேர்ந்து அதே பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும். கன்டினியூ கொடுத்துத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது, கேம் நத்தைபோல் நகரும். பலர் 'லினக்ஸில் கேம் ஓடாது' என்று முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான், அது அநியாயமான முடிவு. பேட்டரி மிச்சமாக, ஆன் டிமாண்ட் முறையில் வைத்துக் கேமை மட்டும் என்விடியாவில் ஓட விடலாம். 2 ஜிபி கிராபிக்ஸ் மெமரிக்கு, டைரக்ட்எக்ஸ் 11, 12 இரண்டும் கொடுக்கும் கேமில் 11-ஐயே தேர்ந்தெடுங்கள்.

ஒரு நாளைக்கு 2 ஜிபி போன் டேட்டாவை நம்பி இருப்பவர்கள், ஸ்டீமின் டவுன்லோட் செட்டிங்கில் ஷேடர் ப்ரீ கேஷிங்கை (கிராபிக்ஸ் கோப்புகளை முன்கூட்டியே இறக்குவதை) நிறுத்திவிடுங்கள். அது சில கேம்களுக்கு நூற்றுக்கணக்கான எம்பி இழுக்கும், அப்டேட் வந்தால் மறுபடியும் இழுக்கும். நிறுத்தினால் முதல் சில நிமிடம் கொஞ்சம் வெட்டும், பிறகு சரியாகிவிடும். நண்பர் விண்டோஸில் அதே கேமை வைத்திருந்தால், இரண்டையும் ஒரே ரவுட்டரில் இணைத்து லோக்கல் நெட்வொர்க் டிரான்ஸ்ஃபரில் எடுத்துக்கொள்ளலாம். லினக்ஸுக்கென்றே தனிப் பதிப்பு உள்ள கேமாக இருந்தால், முதலில் ப்ராப்பர்ட்டீஸில் புரோட்டானைக் கட்டாயமாக்குங்கள், அப்போதுதான் கோப்புகள் பொருந்தும்.

வேலோரன்ட், ஃபோர்ட்நைட், பப்ஜி மூன்றும் ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் ஆன்டி சீட் காரணமாக ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 இறுதியில் அதையும் மூடிவிட்டார்கள். ஜிடிஏ 5-இல் கதை ஓடும், ஆன்லைன் 2024 செப்டம்பரிலிருந்து இல்லை. ஆண்ட்ராய்டு கேமைக் கணினியில் ஓட்டும் ப்ளூஸ்டாக்ஸ் லினக்ஸில் கிடையாது, ஆகவே ஃப்ரீ ஃபயர் ஆடும் பிள்ளைகள் உள்ள வீட்டில் விண்டோஸ் இருந்தே ஆக வேண்டும். கவுன்டர் ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 இரண்டும் லினக்ஸுக்கென்றே வருபவை.

கத்திரி வெயிலில் ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் போதாது. 8250யூ 100 டிகிரியைத் தொட்டதும் தானே வேகத்தைக் குறைக்கும், ஆட்டம் திடீர் திடீரென்று தடுக்கும். மேங்கோஹட் என்ற கருவியை வைத்து ஃபிரேமை நொடிக்கு 30-க்குக் கட்டுங்கள், பிராசஸரின் உச்ச வேகத்தை 3.4 கிகாஹெர்ட்ஸிலிருந்து 2.4-க்கு இறக்குங்கள். ஃபிரேம் கொஞ்சம் குறைந்தாலும் சீராக ஓடுவதே கண்ணுக்கு நல்லது.

சம்பா அறுவடை முடிந்ததும் அடிப்பக்க மூடியைக் கட்டாயம் திறந்து பாருங்கள். அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசியும் நெல் சுணையும் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்க் இதழ்களுக்கும் ஃபேனுக்கும் நடுவில் கம்பளிபோல் படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது இன்னும் உள்ளே அடைத்துக்கொள்ளும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, மெல்லிய பிரஷ்ஷால் அந்தப் படலத்தை உரித்தெடுங்கள். பிறகு ப்ளோயரால் ஊதும்போது ஃபேன் சுழலாதபடி இறக்கையை ஒரு பல்குச்சியால் தடுத்துப் பிடியுங்கள். கண்டபடி சுழன்றால் பேரிங் போய்விடும்.