பழைய கார்புரேட்டர் கார், வீட்டிலேயே பழுதுபார்ப்பு: ஆறு ஆண்டு அனுபவம்

நான்கு ஆண்டுகளாக அசையாமல் ஒரு கொட்டகையில் நின்றிருந்த கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) காலத்துப் பெட்ரோல் கார் ஒன்றை, எப்படியும் ஓட வைத்துவிடலாம் என்ற துணிச்சலில், ஆறு ஆண்டுகளுக்கு முன்பு வீட்டுக்கு இழுத்து வந்தேன். இன்ஜின் வேலையில் எனக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லை. ஒரு ஸ்பேனர் செட், ஒரு ஜாக்கி, அட்டை கிழிந்த பழுதுபார்ப்புக் கையேடு ஆகியவையே கையில் இருந்தன. இன்று அந்த வண்டி வாரத்தில் மூன்று நாளாவது ஓடுகிறது. ஆனால் இதுவரை நான் தேவையில்லாமல் மாற்றிய பாகங்கள், தேவைப்பட்டு மாற்றியவற்றைவிட அதிகம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். அளந்து பார்க்கும் முன்பே கழற்றத் தொடங்கியதுதான் அதற்குக் காரணம்.

நெடுநாள் நின்ற இன்ஜினுக்கு எடுத்த எடுப்பில் சாவி கொடுக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சில சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு ஓர் இரவு ஊறவிட்டேன். மறுநாள் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையாலேயே இரண்டு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். இதில் காட்டிய பொறுமையைப் பெட்ரோல் டேங்கில் காட்டவில்லை. பழைய பெட்ரோலை வடித்துவிட்டு, அடியில் தங்கியிருந்த கசடைப் பொருட்படுத்தாமல் மேலே புதிய பெட்ரோலை ஊற்றினேன். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும்; ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் நீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கி, இரும்புத் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். அந்தத் துருத்தூள் முழுவதும் கார்புரேட்டருக்கு வந்து சேர்ந்தது. ஒரே வாரத்தில் மூன்று முறை ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளவாக விடும் நுண்துளைப் பாகம்) அடைத்த பிறகுதான் டேங்கை இறக்கிக் கழுவினேன்.

மூன்றாவது முறை மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபோது, அதன் துளையின் ஓரத்தில் பழுப்பு நிறப் படலம் ஒன்று பிறைபோல் ஒட்டியிருந்தது. கம்பியால் குத்தி எடுக்கத்தான் கை பரபரத்தது. ஆனால் ஜெட் மென்மையான பித்தளையால் ஆனது. கம்பி பட்டால் துளை விரிந்து, பிறகு எந்தத் திருகைத் திருப்பினாலும் கலவை சரிப்படாமல் போகலாம். கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்துக் காற்றால் ஊதி எடுத்தேன். எத்தனாலைத் தாங்காத பழைய ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றினேன். வெளியே பளபளப்பாக இருந்த ஒரு ஹோஸ், குறுக்கே வெட்டிப் பார்த்தபோது உள்ளே செதில் செதிலாக உரிந்திருந்தது.

இனி, என்னை எட்டு மாதங்கள் அலைக்கழித்த கோளாறுக்கு வருகிறேன். காலையில் முதல் சாவியிலேயே உயிர்பெறும் வண்டி, அரை மணி நேரம் ஓட்டி நிறுத்திய பிறகு சாவி கொடுத்தால், செல்ஃப் மோட்டாரிலிருந்து ‘டொக்’ என்ற ஒரே ஓசையோடு அடங்கிவிடும். சில நேரங்களில் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றும். ஆறிய பிறகு ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். பேட்டரியை மாற்றினேன், மாற்றம் இல்லை. செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் சோலனாய்டை மாற்றினேன். பிறகு செல்ஃப் மோட்டாரையே இறக்கிக் கார்பன் பிரஷ்களை மாற்றினேன். இடையில் ஆக்ஸிலரேட்டர் கேபிளின் உறை ஓரிடத்தில் கருகி உருகியிருந்ததைக் கண்டு, சைலன்ஸர் குழாயின் சூடு பட்டிருக்கும் என்று நினைத்து அதையும் மாற்றிவிட்டு மறந்துபோனேன். விடைக்கான துப்பு அந்தக் கேபிளில்தான் இருந்தது என்பது பின்னர்தான் புரிந்தது.

கடைசியில், கன்டின்யூட்டி ஓசை (கம்பியில் மின் தொடர்பு அறுபடவில்லை என்று காட்டும் ஒலி) கேட்பதற்கு மட்டுமே பயன்படுத்திவந்த மல்டிமீட்டரைக் கொண்டு முறையாக அளந்தேன். ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது, அதாவது முழு சார்ஜ். சூடான இன்ஜினுக்குச் சாவி கொடுக்கும்போது பேட்டரி முனைகளில் 11.1 வோல்ட் இருந்தது; அதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகு மீட்டரின் ஒரு முனையை இன்ஜின் பிளாக்கின் வெற்று உலோகத்திலும், மற்றொன்றைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் வைத்துக்கொண்டு, வீட்டிலிருந்த ஒருவரைச் சாவி திருப்பச் சொன்னேன். 0.3 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் மீட்டர் 2.1 வோல்ட் காட்டியது. செல்ஃப் மோட்டாருக்குப் போய்ச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் இரண்டு வோல்ட்டுக்கு மேல், திரும்பி வரும் எர்த் பாதையிலேயே கரைந்துகொண்டிருந்தது.

இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை, கியர்பாக்ஸ் மவுண்டுக்கு அடியில், சேறு அப்பிய இடத்தில் இருந்தது. துடைத்துப் பார்த்தபோது, பின்னிய செம்புக் கம்பிகளில் பாதிக்கு மேல் அறுந்து, மீதி பச்சைப் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. பட்டையின் காதுக்கும் பாடிக்கும் இடையில் யாரோ பெயின்ட்டும் பூசியிருந்தார்கள். இதே பட்டையை முன்பு கன்டின்யூட்டி முறையில் சோதித்தபோது மீட்டர் கணீரென்று ஒலித்தது. மீட்டர் அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம். அதற்கு ஒற்றைக் கம்பி இழையே போதும். செல்ஃப் மோட்டார் இழுப்பதோ 150 ஆம்பியர் அளவில், அங்கே 0.014 ஓம் தடை இருந்தாலே 2.1 வோல்ட் போய்விடும். சூடேறினால் செம்பின் தடையும் கூடுவதால், காலையில் சமாளித்த மோட்டார் மதியத்தில் தோற்றது. நல்ல பாதை கிடைக்காத மின்னோட்டத்தில் ஒரு பகுதி, ஆக்ஸிலரேட்டர் கேபிளின் இரும்புக் கம்பி வழியாகத் திரும்பியதால்தான் அதன் உறை உருகியிருந்தது. இணைப்பிடங்களை உலோகம் தெரியத் தேய்த்து, புதிய பட்டையைப் போட்ட பிறகு அளவு 0.15 வோல்ட்டாகக் குறைந்தது. விளக்குகள் எரியும்போது 13.4 வோல்ட்டில் நின்றிருந்த சார்ஜிங்கும் 14.1 வோல்ட்டுக்கு ஏறியது. ஆல்டர்னேட்டரும் அதே எர்த்தைத்தானே நம்பியிருக்கிறது. நான் வாங்கிய பாகங்களிலேயே விலை குறைந்தது அந்தப் பட்டைதான்!

ஐட்லிங்கில் வண்டி குலுங்கியதற்கும் இதேபோல் ஓர் அளவுகோல்தான் விடை தந்தது. நல்ல நிலையில் உள்ள இன்ஜினின் மேனிஃபோல்டில் (கலவையைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாயில்), கடல்மட்டத்தை ஒட்டிய இடங்களில், உறிஞ்சலை அளக்கும் வேக்யூம் கேஜ் 17 முதல் 21 பாதரச அங்குலம் வரை அசையாமல் காட்டும். என் வண்டி 14 அங்குலத்தில் நின்றது. இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருந்தாலும் இப்படிக் காட்டக்கூடும் என்பதால், முதலில் அதைச் சரிபார்த்தேன். பிறகு ஒரு ரப்பர் குழாயின் நுனியைக் காதில் வைத்து, மறு நுனியைக் கார்புரேட்டரைச் சுற்றி நகர்த்தியபோது, அடிப்பகுதி கேஸ்கெட்டின் ஒரு மூலையில் ‘உஸ்’ என்ற ஓசை தெளிவாகக் கேட்டது. கிளீனரைத் தெளித்துக் கசிவைக் கண்டுபிடிப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் எளிதில் தீப்பற்றும் திரவத்தைத் தெளிக்க எனக்கு மனம் வரவில்லை. நட்டுகளை அளவுக்கு மீறி முறுக்கியதில் கார்புரேட்டரின் அடித்தகடு வளைந்திருந்தது. முறுக்கியவன் நான்தான்.

சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் மூன்றாவது சிலிண்டர் மட்டும் 110 பிஎஸ்ஐ காட்டியது. மற்றவை 150-ஐ ஒட்டியிருந்தன. பிளக் துளை வழியே சிறிது ஆயில் விட்டு மீண்டும் பார்த்தபோதும் அளவு ஏறவில்லை. ரிங் தேய்ந்திருந்தால் ஏறியிருக்கும். எனவே சந்தேகம் வால்வின் பக்கம் திரும்பியது. எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளி இறுகிப்போய், வால்வு முழுமையாக மூடாமல் இருந்ததை, இடுக்குகளை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் காட்டியது. இடைவெளியைச் சரிசெய்ததோடு ஹெட்டைக் கழற்றும் எண்ணத்தைக் கைவிட்டேன்.

பிரேக் விஷயத்தில் மட்டும் சோதனையும் சிக்கனமும் வேண்டாம் என்று முடிவுசெய்து, வீல் சிலிண்டர் ரப்பர்கள், ஹோஸ்கள், பிரேக் ஆயில் அனைத்தையும் ஒரே மூச்சில் மாற்றினேன். டாட் 4 ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயிலுக்கோ 155 டிகிரிதான் வரம்பு. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிவிடுகிறேன். டயர்களின் பட்டன் ஆழமாகவே இருந்தும், பக்கவாட்டில் 3209 என்ற எண்ணைப் பார்த்ததும் மாற்றினேன். 2009-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில் செய்யப்பட்டவை என்று அதற்குப் பொருள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தது கிடையாது. ஸ்டாண்டு இல்லாமல் செய்த வேலை ஒன்றுகூட இல்லை.

கருவிகளில் மல்டிமீட்டருக்கும் ஃபீலர் கேஜுக்கும் அடுத்தபடியாக எனக்கு உழைத்தது ஆறு முகச் சாக்கெட் செட். பன்னிரண்டு முகச் சாக்கெட்டால் துருப்பிடித்த நட்டுகளின் முனைகளை மழுக்கிய பிறகுதான் அதை வாங்கினேன். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை முதல் ஆண்டிலேயே வாங்கியிருந்தால் கார்புரேட்டரின் அடித்தகடு பிழைத்திருக்கும். பாடி வேலையில் எனக்குத் தேர்ச்சி வரவில்லை. கதவுக்குக் கீழே காந்தம் ஒட்டாத இடங்களைத் தட்டிப் பார்த்தபோது, விரற்கடை தடிமனுக்குப் பட்டி உதிர்ந்து, பின்னால் தகடே இல்லாத ஓட்டை தெரிந்தது. வண்டியின் பலத்தைத் தாங்கும் பகுதி அது என்பதால், வெல்டிங்கை அத்தொழில் தெரிந்தவரிடம் விட்டேன்.

இப்போது எஞ்சியிருப்பது, கிராங்கின் பின்பக்க ஆயில் சீலில் உள்ள கசிவு. அதை மாற்றக் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். கிளட்ச் தட்டு இன்னும் தேயாததால், அதன் முறை வரும்போது இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவைத்திருக்கிறேன். அதுவரை வண்டி நிற்கும் இடத்தில் ஒரு தட்டு வைத்து, சொட்டும் ஆயிலை மாதம் ஒருமுறை அளந்து நோட்டில் குறித்துக்கொள்கிறேன்; ஐந்து மாதமாக அந்த அளவு கூடவில்லை.