ஊர் சுற்றப் போன இடத்தில் வாங்கிய நான்கு துணிகள்: டாப் தைக்க எது தேறியது?

ஈரோட்டில் பிறந்து வளர்ந்தவள் ராஜஸ்தான் வரை போய்த் துணி வாங்கி வந்தாள் என்றால் யாரும் சிரிக்கத்தான் செய்வார்கள். அம்மா நேராகவே கேட்டார்: "ஏங்கண்ணு, நம்ம கனி மார்க்கெட்டுல இல்லாத துணியா?" துணி வாங்கப் போகவில்லை, ஊர் பார்க்கத்தான் போனோம் என்று சொல்லிப் பார்த்தேன். போகும்போது 9 கிலோ இருந்த பெட்டி வரும்போது 16 கிலோ ஆகியிருந்ததால் அந்தப் பேச்சு எடுபடவில்லை.

ஜெய்ப்பூரில் நான்கு நாள், அங்கிருந்து குஜராத்தின் கட்ச் பக்கம் நான்கு நாள். சாங்கனேர் அச்சு, பக்ரு டாபு, கோட்டா டோரியா, அஜ்ரக் என்று நான்கு வகைத் துணி, ஒவ்வொன்றிலும் இரண்டு மீட்டர். சாங்கனேரில் மட்டும் ஆசைப்பட்டு இன்னொரு துண்டு. வந்த பிறகு மூன்று மாதத்தில் நான்கையும் டாப்பாகத் தைத்து முடித்தேன். எனக்கு டெய்லர் வேலை தொழில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தையல்தான். அதனால் கீழே சொல்வதெல்லாம் என்னைப் போல வீட்டு மெஷினில் தைக்கிறவர்களுக்கு.

பயணத்தில் வாங்கும் துணிக்கு ஒரு சங்கடம் உண்டு. கழுத்தைத் தப்பாக வெட்டிவிட்டால் மறுபடி கடைக்குப் போய் அரை மீட்டர் வாங்கி வர முடியாது. ஆகவே எது அழகு என்பதை நான் இரண்டாவதாகத்தான் பார்க்கிறேன். என் கைப்பிழையை எந்தத் துணி பொறுத்துக்கொள்ளும் என்பதுதான் முதல் கேள்வி.

அளவை முதலில் சொல்லிவிடுகிறேன். 44 அங்குல அகலத் துணியில் இடுப்புக்குக் கீழே இறங்கும் 27 அங்குல டாப், முழங்கை வரை கை. மார்பளவு 34 என்றால் முன்பக்கமும் பின்பக்கமும் அருகருகே அகலத்துக்குள் அடங்கிவிடும், ஒன்றேகால் மீட்டரிலேயே சமாளிக்கலாம். எனக்கு 38. தளர்வும் தையலுக்கு விடுவதும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு 23 அங்குலம் வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அடங்காது, ஒன்றின் கீழ் ஒன்றாகத்தான் வரும். மீதி அகலத்தில் கைகளை வெட்டிக்கொள்ளலாம். ஒன்றரை மீட்டருக்கு மேல் போகும். துவைத்தால் சுருங்குவதையும் சேர்த்து இரண்டு மீட்டர் என்பது எனக்குச் சரியான கணக்கு. கடைக்காரர் "டாப்புக்கு ஒன்றரை போதும் தீதி" என்று சொன்னால் அவர் யாருடைய அளவை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று யோசிக்க வேண்டும். ஒரு கடையில் இரண்டு மீட்டருக்குக் காசு வாங்கிக்கொண்டு 1.85 மீட்டர் கொடுத்தார்கள். விடுதி அறைக்கு வந்து அளந்தபோதுதான் தெரிந்தது. அதிலிருந்து கைப்பையில் ஒரு டேப் இருக்கிறது.

சாங்கனேர் துணியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஜெய்ப்பூர் விமான நிலையம் இருக்கும் பக்கம்தான் சாங்கனேர். வெள்ளைத் தரை, அதன்மேல் மெல்லிய கோட்டில் சின்னச் சின்னப் பூக்கள். நால்வரில் விலை குறைவு, மீட்டர் 180 ரூபாய். வெட்டச் சுலபம், தைக்கச் சுலபம், 11ஆம் நம்பர் ஊசியில் வெண்ணெய் மாதிரி ஓடும். வெள்ளைத் தரை என்பதால் உள்ளே போடுவது வெளியே தெரியும். லைனிங் வைத்தால் சூடு, வைக்காவிட்டால் சங்கடம்.

அதில் நான் செய்த ஒரு கூத்தை மட்டும் சொல்லியாக வேண்டும். தோளில் தையலே இல்லாமல், துணியை மடித்து ஒரே துண்டாக வெட்டும் கிமோனோ டாப் தைக்கலாம் என்று ஆரம்பித்தேன். முன்பக்கம் அருமை. போட்டுக்கொண்டு திரும்பினால் முதுகில் அத்தனை பூவும் தலைகீழாகத் தொங்குகிறது! தலை, கால் உள்ள அச்சு எதுவானாலும் தோள் தையல் கட்டாயம். இது தெரியாத விஷயமில்லை, அந்த நேரத்தில் தோன்றவில்லை, அவ்வளவுதான். அந்த டாப்பை இப்போது வீட்டோடு போட்டுக்கொள்கிறேன். கூடுதலாக வாங்கிய அந்த இன்னொரு துண்டு, கட்டை அச்சு என்று சொல்லி விற்ற ஸ்கிரீன் அச்சு. அச்சுக்கட்டையில் அடித்தது என்றால் கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் எங்காவது மை கொஞ்சம் கூடியிருக்கும், அல்லது ஒரு நூலளவு இடைவெளி விழுந்திருக்கும். ஒரு நிறம் கோட்டை விட்டுச் சற்றே நகர்ந்திருக்கும். என் துண்டில் ஒரு பூகூட வழி தவறவில்லை. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பக்ருவும் அஜ்ரக்கும்தான் உண்மையான போட்டி. இரண்டும் அச்சுக்கட்டை வேலை, இரண்டிலும் நீலம், சிவப்பு, கறுப்பு. தூரத்திலிருந்து பார்த்தால் அக்கா தங்கை போலத் தெரியும். கையில் எடுத்தால் குணம் வேறு.

பக்ரு, ஜெய்ப்பூரிலிருந்து அஜ்மீர் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். அங்கே செய்யும் டாபு என்பது சேற்று வேலை. களிமண், சுண்ணாம்பு, பிசின், உளுத்த கோதுமையின் தூள் எல்லாம் சேர்த்துக் குழைத்த சேற்றைக் கட்டையால் துணியில் அடிக்கிறார்கள். ஈரம் ஒட்டாமலிருக்க மேலே மரத்தூள் தூவிக் காயவைத்து அவுரித் தொட்டியில் முக்கி எடுக்கிறார்கள். சேறு மூடிய இடத்தில் நீலம் ஏறாது. மதுரைச் சுங்குடியில் முடிச்சு செய்கிற வேலையை இங்கே சேறு செய்கிறது. காய்ந்த சேறு வெடிக்கும் இடங்களில் சாயம் கசிந்து மயிரிழைபோல் நரம்பு ஓடும். அந்த நரம்புதான் டாபுவின் அழகு, எந்த இரண்டு மீட்டரும் ஒன்றுபோல் இராது.

தைக்கிறவளுக்கு இது பெரிய சௌகரியம். அச்சு ஏற்கெனவே கொஞ்சம் ஏறுமாறாக இருப்பதால் பக்கத் தையலில் அரை அங்குலம் பிசகினாலும் யார் கண்ணுக்கும் படாது. என் துணியில் இருந்த இலை அச்சு நாலா பக்கமும் பார்த்தது, எப்படித் திருப்பி வெட்டினாலும் சரி. விலை மீட்டர் 260.

தொல்லை நீலத்தில். முதல் ஊறலில் பக்கெட் தண்ணீர் முதலில் மண் நிறம், அப்புறம் கருநீலம். ஐந்து தடவை அலசினேன். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று பெரியம்மா சொன்னார், உப்பும் போட்டேன். பிரயோஜனமில்லை. அவுரிச் சாயத்தின் இயல்பு அப்படி. அது தண்ணீரில் கரையாத பொருள். தொட்டிக்குள் கரையும் வடிவத்துக்கு மாற்றி நூலில் ஏற்றுகிறார்கள், வெளியே எடுத்ததும் காற்றுப் பட்டு மறுபடி நீலமாகித் தங்கிவிடுகிறது. நூலின் மேற்பரப்பில் கூடுதலாக ஒட்டியிருப்பது உரசினால் வரும். அதை உப்பு என்ன செய்யும்? அலசி அலசித்தான் போக்க வேண்டும். தைத்து முடித்தபோது என் விரல் நகமெல்லாம் நீலம். சித்திரை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போய் வந்தேன். தோளில் மாட்டியிருந்த வெளிர் நிறப் பையின் வாரில் ஒரு நீலத் தடம், இன்னும் போகவில்லை.

அஜ்ரக்குக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புஜ் நகரத்துக்குப் பக்கத்தில் அஜ்ரக்பூர் என்றே ஓர் ஊர். கத்ரி சமூகத்தார் தலைமுறை தலைமுறையாக தமட்கா கிராமத்தில் இந்த வேலையைச் செய்துவந்தார்கள். 2001 ஜனவரி 26 நிலநடுக்கத்தில் தமட்கா தரைமட்டமானது. அங்கே தண்ணீரும் முன்பே வற்றிக்கொண்டு வந்தது, அதில் இரும்பும் கூடிவிட்டது. சாயவேலைக்கு அது ஆகாது. அதனால் பல குடும்பங்கள் புதிதாக நிலம் வாங்கிக் குடியேறிய ஊர்தான் அஜ்ரக்பூர். 2024இல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

பட்டறையில் பார்த்தபோது எனக்கு வியப்பாக இருந்தது செய்முறையைவிடச் சாமான்கள்தான். கடுக்காய்த் தண்ணீரில் துணியை முக்குகிறார்கள். பழைய இரும்புத் துண்டுகளை வெல்லத்தோடு ஊறப்போட்டுப் புளிக்கவைத்த கருநீரில் புளியங்கொட்டை மாவைக் கலந்து கறுப்புக்கு எடுக்கிறார்கள். சிவப்பு ஏற வேண்டிய இடத்தில் படிகாரம். வெள்ளை நிற்க வேண்டிய இடத்தில் சுண்ணாம்பும் பிசினும். பாதி நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் பரணிலும் இருப்பவை. துவைப்பது, அச்சிடுவது, முக்குவது, காயவைப்பது என்று பதினான்கு பதினைந்து கட்டம் தாண்டித்தான் ஒரு துணி வெளியே வருகிறது.

அந்தப் பதினைந்து கட்டத்தின் பலன் மெஷினில் தெரிகிறது. அத்தனை தடவை தண்ணீர் பார்த்த துணி என்பதால் கஞ்சி விறைப்பு கிடையாது, சுருங்க வேண்டியதில் பெரும்பகுதி அங்கேயே சுருங்கிவிட்டது. என் கணக்கில் சாங்கனேர் துணி இரண்டு மீட்டருக்கு மூன்று அங்குலம் சுருங்கியது, அஜ்ரக் ஓர் அங்குலம்கூட இல்லை. பாவும் ஊடும் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதால் வெட்டும்போது இழுபடாது. பிசிறு குறைவு. சாங்கனேரில் கோட்டைவிட்ட அதே கிமோனோ டாப்பை இதில் வெட்டினேன். நட்சத்திரத்துக்கும் கட்டத்துக்கும் மேலேது, கீழேது? முதுகும் முன்பக்கமும் ஒன்றுபோல அமைந்தன. கழுத்துக்குப் பட்டி வைத்து, கை ஓரத்தை மடித்து அடித்து, ஒரே மதியத்தில் முடிந்தது.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. அஜ்ரக்கின் பெரிய வட்டப் பூ வரும் துணியாக இருந்தால், வெட்டும் முன் உடம்பில் வைத்துக் கண்ணாடியில் பாருங்கள். பார்க்காமல் வெட்டினால் வட்டங்கள் வரக்கூடாத இரண்டு இடத்தில் போய்க் கச்சிதமாக உட்காரும். சின்ன வடிவம் வாங்கினால் இந்தக் கவலை இல்லை. அப்புறம் எலுமிச்சை. இரும்புக் கறுப்பு புளிப்பைத் தாங்காது. எலுமிச்சைச் சாறு தெறித்தால் அந்த இடம் வெளிறும், என் டாப்பின் வயிற்றுப் பக்கம் அதற்குச் சாட்சி. விலையும் சும்மா இல்லை, மீட்டர் 480. மோடால் என்ற வழுவழுப்பான செயற்கை இழைத் துணியில் அடித்த அஜ்ரக் இன்னும் பளபளப்பு, கடையில் தொட்டால் விடவே மனம் வராது. ஆனால் வழுக்கும். அடியில் செய்தித்தாள் விரித்து, தாளோடு சேர்த்துக் குண்டூசி குத்தி வெட்டினால்தான் கோடு நேராக வரும். பழக்கமில்லாதவர்கள் அங்கே பருத்தியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோட்டா டோரியாவை ஜெய்ப்பூரில்தான் வாங்கினேன். நெசவு கோட்டாவுக்குப் பக்கத்தில் கைத்தூன் என்ற ஊரில். பருத்தியும் பட்டும் கலந்து குட்டிக் குட்டிக் கட்டமாக நெய்வது. ஒரு கட்டத்தில் எட்டு இழை பருத்தி, ஆறு இழை பட்டு என்பது வழக்கமான கணக்கு. நெசவாளர்கள் மைசூரிலிருந்து போனவர்கள், அதனால் மசூரியா என்றும் பெயர் என்று சொல்லும் வழக்கம் உண்டு. கடையில் விரித்துக் காட்டியபோது நான்கில் இதுதான் என்னை விழுங்கியது. தைக்கும்போதும் இதுதான் என்னை விழுங்கியது.

காற்றுக்கு ஜன்னல் வைத்தது போன்ற நெசவு. வெட்டிய ஓரம் தொடத் தொடப் பிரிகிறது. 9ஆம் நம்பர் ஊசி, மெல்லிய நூல், ஓரத்தை உள்ளே மறைத்து இரண்டு முறை அடிக்கும் பிரெஞ்ச் தையல் என்று எல்லாம் செய்தும் கைக்குழியில் இழை விலகியது. உடம்புக்குப் பொருந்த மடித்து அடிக்கும் டாட் போட்டால் அந்தத் தையல் கண்ணாடிக்குள் தெரிவதுபோல் வெளியே தெரிகிறது. கட்டம் நேர்கோட்டுக் கணக்கு என்பதால் கால் அங்குலம் சாய்ந்து வெட்டினாலும் "இங்கே தப்பு" என்று கட்டமே காட்டிக்கொடுக்கும். முழுக்க லைனிங் வேண்டும். மல் என்ற மெல்லிய பருத்தித் துணியில் லைனிங் கொடுத்ததில் செலவு கூடியது, லேசான துணி என்ற ஒரே லாபமும் போயிற்று. இதைப் புடவையாகக் கட்ட வேண்டும், அல்லது துப்பட்டாவாகப் போட வேண்டும். கத்தரி படாதவரை இதற்கு ஈடு இல்லை.

நால்வரில் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு அஜ்ரக் பருத்தி, சின்ன வடிவம், இரண்டு மீட்டர். இப்போதுதான் மெஷின் பழகுகிறீர்கள் என்றால் பக்ரு. கிட்டத்தட்டப் பாதி விலை, பிசகை மறைக்கும் அச்சு. முதல் பத்துத் துவையல் தனியாகப் போட வேண்டும், வெளிர் நிறப் பேன்ட்டோடு ஜோடி சேர்க்கக் கூடாது. சாங்கனேர் குழந்தைகளின் கவுனுக்கும் நைட்டிக்கும் நல்லது.

கோட்டா டாப்பை இரண்டு தடவை போட்டேன். மூன்றாவது தடவை கை தூக்கிப் பேருந்துக் கம்பியைப் பிடித்தபோது கைக்குழி முழுதாக விட்டுவிட்டது. தைத்துக்கொண்டிருந்த என்னை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் கையி ரெண்டையும் பிரிச்சு எடுத்துப்போட்டு, சாமி அலமாரிக்குத் திரை தெச்சுக் குடு கண்ணு. நல்லா வெளிச்சம் வரும்" என்றார். பிரித்துக்கொண்டிருக்கிறேன்.