டிஜிட்டல் பெட்-சிடி: சில ஆண்டுகள் பயன்படுத்திய பிறகு

அணு மருத்துவப் பிரிவில் பணிபுரிகிறேன். உடலில் செலுத்திய கதிரியக்க மருந்து எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேனையும் உடலமைப்பைக் காட்டும் சிடி ஸ்கேனையும் சேர்த்து எடுப்பதே பெட்-சிடி. பழைய பெட்-சிடி கருவியை விட்டு சீமென்ஸ் பயோகிராஃப் விஷன் என்ற டிஜிட்டல் கருவிக்கு மாறிச் சில ஆண்டுகள் ஆகின்றன. அதன் பெரிய பலம் நேர அளவீடு. மருந்தின் கதிரியக்கத்தால் எதிரெதிர்த் திசையில் கிளம்பும் இரு காமா கதிர்கள் உணரிகளை எட்டும் நேர வேறுபாட்டை ஏறத்தாழ 214 பைகோ வினாடித் (ஒரு பைகோ வினாடி என்பது வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் அளக்கிறது. கதிர்கள் புறப்பட்ட இடம் சுமார் 3 செ.மீ. எல்லைக்குள் தெரிந்துவிடுகிறது. பருமனான நோயாளிகளின் வயிற்றுப் படங்களில் முன்பு மண்டிக்கிடந்த இரைச்சல் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் படம் கூர்மையாக இருப்பதாலேயே சரியாக இருக்கிறது என்று நம்பிவிடக் கூடாது.

எந்தக் கருவியானாலும் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மூச்சுதான். சிடி சில நொடிகளில் முடிகிறது; பெட் பல நிமிடங்கள் ஓடுகிறது. நோயாளி ஆழமாக மூச்சிழுத்த கணத்தில் சிடி எடுத்தால், கல்லீரல் இருக்க வேண்டிய இடத்தில் நுரையீரல் பதிவாகும். திசுக்களில் ஏற்படும் கதிர் இழப்பை சிடியை வைத்துத் திருத்தும் கணக்கு அங்கே பிசகி, உதரவிதானத்தை ஒட்டி வெளிறிய பிறை தோன்றும். கல்லீரலின் உச்சியிலுள்ள கட்டி நுரையீரலில் இருப்பதாகவே தெரியும். அதனால் சிடியின்போதும் இயல்பாக மூச்சு விடச் சொல்கிறோம். சந்தேகம் எழுந்தால் இந்தக் கணக்கால் திருத்தப்படாத படத்தையும் பார்ப்போம். இந்தப் பழக்கத்தை எந்த மென்பொருளுக்காகவும் நான் கைவிட மாட்டேன்.

உணரியால் படத்தில் நேரும் மங்கலை ஈடுசெய்யும் மறுகட்டமைப்பு (தரவிலிருந்து படத்தை உருவாக்கும்) முறையிலும் விழிப்பு தேவை. அது சிறு கட்டிகளின் எஸ்யூவி மதிப்பை (ஓரிடத்தில் மருந்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதைக் குறிக்கும் எண்) உயர்த்திக் காட்டும். பழைய கருவியின் அறிக்கையோடு அப்படியே ஒப்பிட்டால், நோய் கூடிவிட்டதாக வீண் அச்சம் எழும். ஆகவே ஒரே தரவை இருமுறை கட்டமைக்கிறோம்: கண்ணால் பார்க்க ஒன்று, வெவ்வேறு கருவிகளின் அளவுகளை ஒப்பிட உதவும் ஐரோப்பிய ஏர்ல் தரநிலைப்படி அளக்க இன்னொன்று.

கடிகாரமும் முக்கியம். மருந்திலுள்ள கதிரியக்கப் பொருளான ஃப்ளோரின்-18இன் அரை ஆயுள், அதாவது அது பாதியாகக் குறையும் நேரம், சுமார் 110 நிமிடங்கள். மருந்தை அளக்கும் கருவியின் கடிகாரமும் ஸ்கேனரின் கடிகாரமும் 10 நிமிடம் வேறுபட்டாலே எஸ்யூவி கணக்கில் 6 சதவீதம் பிழை புகுந்துவிடும். ஊசிக்குழாயில் எஞ்சிய மருந்தைக் கழிக்காவிட்டாலும் பிழைதான். இதற்கு எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் உதவாது.

சிகிச்சைக்குப் பிந்தைய ஸ்கேனுக்கு வருபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முடிந்தவரை அதே கருவியில், ஊசிக்குப் பின் அதே அளவு நேரம் காத்திருந்து எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய படங்களின் குறுவட்டையும் கொண்டு வாருங்கள். அறிக்கைத் தாள் மட்டும் போதாது.