லினன் கோட்டைப் புரட்டிப் பாருங்கள்

கோடைக்காலத் திருமணத்துக்கு விருந்தினராகச் செல்கிறவர் லினன் கோட் ஒன்று வாங்கிவிட்டால் வெயிலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்று பலர் சொல்லக் கேட்டு, சென்ற ஆண்டு ஒன்றை வாங்கினேன். வெளித்துணி முழுக்க லினன்தான்; அதில் பொய்யில்லை. ஆனால் கழுத்திலிருந்து கீழ்விளிம்பு வரை உட்புறம் முழுவதையும் பாலியெஸ்டர் லைனிங் மூடியிருந்ததை, திறந்தவெளியில் நடந்த ஒரு நண்பகல் திருமணத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் கவனித்தேன். இந்த ஆண்டு வாங்கி இதுவரை மூன்று திருமணங்களுக்கு அணிந்த அரை லைனிங் லினன் கோட்டையும், அதனோடு வந்த பேன்ட்டையும் பற்றியது இந்த மதிப்புரை.

ஆளிச்செடியின் தண்டு நாரிலிருந்து நூற்கப்படும் லினன், சாதாரணச் சூழலில் தன் உலர்ந்த எடையில் சுமார் 12 சதவீத ஈரத்தைக் காற்றிலிருந்து ஏற்றுக்கொள்ளும். பருத்திக்கு அது ஏறத்தாழ 8 சதவீதம். பாலியெஸ்டருக்கோ அரை சதவீதம்கூட இல்லை. வியர்வையை வாங்கி வெளியேற்ற வேண்டிய துணிக்கும் உடலுக்கும் நடுவே பாலியெஸ்டரைத் தைத்துவிட்டால், லினனுக்கென்று நாம் கொடுக்கும் பணம் தோற்றத்துக்கு மட்டுமே போய்ச் சேருகிறது.

புதிய கோட்டில் லைனிங் தோள்பட்டையின் மேற்புறத்திலும் கைகளிலும் மட்டுமே இருக்கிறது. முதுகின் பெரும்பகுதி வெறும் ஒற்றைத் துணி. கைகளுக்குள் விஸ்கோஸ் என்ற வழுவழுப்பான துணியை வைத்திருப்பதால், சட்டைக் கை சுருண்டு மேலேறாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. தோளில் தடித்த பஞ்சுப் பட்டையும் இல்லை. இரண்டு மணி நேரம் நிழலில்லாத நாற்காலியில் அமர்ந்திருந்தபோது வியர்க்கத்தான் செய்தது. ஆனால் காற்று வீசிய ஒவ்வொரு முறையும் அது முதுகில் தெரிந்தது. முந்தைய கோட்டில் அந்தக் காற்று எனக்கு எட்டவே இல்லை.

கசங்குமா என்றால், கசங்கும். லினன் நார் தன் நீளத்தில் இரண்டு, மூன்று சதவீதம் இழுபடுவதற்குள் அறுந்துவிடும் அளவுக்கு விறைப்பானது. கம்பளியைப் போல நீண்டு மீளும் தன்மை அதற்கில்லை என்பதால், ஒருமுறை விழுந்த மடிப்பு அப்படியே நின்றுவிடுகிறது. இதற்குப் பயந்து மெல்லிய லினனைத் தேடுவது தவறு. மெல்லிய துணியில் விழும் மடிப்புகள் கசக்கிய காகிதத்தைப் போல நுணுக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கும்; சற்றுக் கனமான துணி தன் எடையாலேயே தொங்கி, அகன்ற, மென்மையான மடிப்புகளாக விழும். இந்தக் கோட்டின் துணி சதுர மீட்டருக்கு 260 கிராம் என்று அதன் சீட்டில் போட்டிருக்கிறது. கையில் எடுத்தபோது கோடைக்கு இது அதிகமோ என்று தோன்றினாலும், அணிந்த பிறகு அந்தச் சந்தேகம் எழவில்லை. கோட்டை அணிந்தபடியே கார் ஓட்டிச் செல்வதை மட்டும் தவிருங்கள். முதல் திருமணத்தில், மார்பின் குறுக்கே சீட் பெல்ட் பதித்த கோடு எல்லாப் புகைப்படங்களிலும் தெளிவாக விழுந்திருக்கிறது.

பேன்ட்டைப் பற்றி அவ்வளவு நல்லதாகச் சொல்ல முடியவில்லை. மணல் நிறத் துணி என்பதால், வெயிலுக்கு எதிரே நின்றால் உள்ளிருக்கும் பையின் வடிவம் வெளியே தெரிகிறது. முன்தொடைக்காவது ஒரு மெல்லிய உள்துணி கொடுத்திருக்கலாம். அத்துடன், துணி சற்றும் இளகாது என்பதால் தொடையில் இறுக்கமாக எடுத்தால் உட்காரும்போதே தையலில் இழுவை தெரியும். வழக்கமான அளவைவிட ஒரு அளவு கூட்டி எடுத்து, இடுப்பை மட்டும் பிடித்துத் தைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்தேன்.

உள்ளே அணியும் சட்டைக்கு வெள்ளைப் பருத்தி போதும். வெளிர்நீலத்திலும் நடுத்தரச் சாம்பல் நிறத்திலும்தான் வியர்வைத் தடம் மிக எளிதாகக் கண்ணில் படும்.

பேன்ட் முற்றிலும் உலர்வதற்கு முன், சற்று ஈரம் இருக்கும்போதே உட்புறமாகத் திருப்பி இஸ்திரி போட்டால் மடிப்புகள் சொன்னபடி கேட்கின்றன. காய்ந்த பிறகு எவ்வளவு அழுத்தினாலும் பாதி நின்றுவிடுகிறது.

பழைய கோட்டின் லைனிங்கைப் பிரித்தெடுத்துவிடலாம் என்று தையற்காரரிடம் கொண்டுபோனேன். அவர் ஓரத்தில் இரண்டு விரற்கடை மட்டும் பிரித்து உள்ளே காட்டினார்: தையல் விளிம்புகள் எல்லாம் நூல் பிரிந்தபடி, மறைந்திருக்கும் தைரியத்தில் அப்படியே விடப்பட்டிருந்தன. லைனிங் இல்லாத கோட்டில் ஒவ்வொரு விளிம்பையும் பட்டை வைத்து மூடித் தைக்க வேண்டும். அதனால் துணி குறைந்தாலும் வேலை கூடுகிறது என்றார். புதிய கோட்டின் உட்புறத்தை அன்றிரவு புரட்டிப் பார்த்தேன். எல்லா விளிம்புகளும் அதே நிறப் பட்டையால் ஒழுங்காக மூடப்பட்டிருந்தன. பழையதைக் குளிர்காலத் திருமணங்களுக்கு ஒதுக்கி வைத்துவிட்டேன்.