ஹெடர் மாட்டக் கொடுப்பதற்கு முன் போல்ட் தலையைப் பாருங்கள்

காருக்கு எக்ஸாஸ்ட் ஹெடர் (பழைய வார்ப்பு மேனிஃபோல்டுக்குப் பதிலாக, இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு) போட நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு ஒர்க்‌ஷாப்புக்குப் போங்கள். ஹெடர் நல்ல சரக்குதான். ஏமாற்றியது அதைப் பிடித்திருந்த போல்ட்டிலும் நட்டிலும்.

பில்லில் தனி வரியாக ‘ஹை டெம்பரேச்சர் லாக்கிங் போல்ட் செட், 10.9’ என்று எழுதிக் காசு வாங்கினார்கள். 10.9 என்பது போல்ட்டின் வலுவைச் சொல்லும் கிரேடு. வண்டி கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம், சூடானதும் அடங்கிவிடும். கேட்டதற்கு, “டேப்பெட் சத்தம் சார், ஹெடர் போட்டா கொஞ்சம் கேக்கத்தான் செய்யும்” என்றார் ஒர்க்‌ஷாப் ஓனர். டேப்பெட் என்பது இன்ஜின் வால்வைத் தள்ளும் பாகம். டேப்பெட்டும் அப்படிச் சத்தம் போடும், மறுக்கவில்லை. ஆனால் கடைசி போர்ட் (புகை வெளியேறும் வாய்) பக்கம், ஹெடரை இன்ஜினோடு சேர்க்கும் தட்டையான ஃபிளாஞ்ச் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருந்தால் அது டேப்பெட் இல்லை, கசிவு. உலோகம் சூட்டில் விரிந்து இடைவெளியை அடைப்பதால்தான் சத்தம் நிற்கிறது.

வேறொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் கழற்றி மேஜையில் வைத்ததைப் பார்த்தபோதுதான் வயிறு எரிந்தது.

ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) இருந்த இடங்களில் போட்டிருந்தது உள்ளே நைலான் வளையம் வைத்த சாதாரண லாக் நட். அந்த வளையம் தாங்குவது சுமார் 120 டிகிரி வரைதான். ஹெடர் ஃபிளாஞ்ச் பல நூறு டிகிரிக்குப் போகும். வளையம் உருகிக் கருகி, மரையில் கறுப்புப் பிசினாக ஒட்டியிருந்தது. நட்டைக் கையாலேயே சுற்ற முடிந்தது.

போல்ட்டுகள் அதைவிட மோசம். ஒன்றின் நுனியில் மரை நசுங்கிப் பளபளவென்று இருந்தது. ஹெடரின் ஃபிளாஞ்ச் பழைய வார்ப்பு மேனிஃபோல்டின் காதை விட மெலிசு, போட்டதோ பழைய நீளத்து போல்ட். அது ஓட்டையின் அடியில் போய் முட்டி நின்றுவிட்டது. டார்க் (இறுக்கும் விசை) அளக்கும் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்று சொல்லியிருக்கும், ஃபிளாஞ்ச் மட்டும் இறுகவில்லை. இன்னொன்று தலையோடு முறிந்து வந்தது. மிச்சத்தை எடுக்க நட் ஒன்றை வெல்ட் வைத்துத் திருப்ப வேண்டியதாயிற்று. அந்தக் கூலி தனி.

முக்கியமான விஷயம், எந்தத் தலையிலும் எழுத்தே இல்லை. 10.9 போல்ட் என்றால் தலையில் 10.9 என்ற எண்ணும் தயாரித்தவர் முத்திரையும் இருந்தே ஆக வேண்டும், சர்வதேசத் தர விதி அது. வழவழ மொட்டைத் தலையைக் காட்டி “இம்போர்ட்டட்” என்றால் நம்பாதீர்கள். முத்திரையையே போலியாக அடித்த கதையும் உண்டு. 1980களில் அமெரிக்காவில் உயர் ரகக் குறி போட்ட போரான் எஃகு போல்ட்டுகள் ஏராளமாகப் பிடிபட்டன. குளிர்ந்த நிலையில் சோதித்தால் தேறிவிடும், சூடு ஏறினால் வலு போய்விடும். 1990இல் அங்கே இதற்கென்றே ஒரு சட்டம் வந்தது. எக்ஸாஸ்டில் மாட்ட அந்தப் போரான் போல்ட்டைவிடப் பொருத்தமில்லாத போல்ட் வேறு இருக்க முடியாது.

மினுமினுப்பையும் நம்ப வேண்டாம். துத்தநாக முலாம் சூட்டில் சீக்கிரம் கெட்டு, அப்புறம் துருதான். துத்தநாகம் உருகுவதே சுமார் 420 டிகிரியில். ஸ்டெயின்லெஸ் துருவுக்கு நல்லது, ஆனால் வழக்கமான ஏ2-70 ரகம் வலுவில் 8.8 கிரேடை விடக் குறைவு. அதன் மரை ஒன்றோடொன்று கடித்துக்கொள்ளும், நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் பசை தடவாமல் போடக்கூடாது. தடவினால் டார்க்கையும் கொஞ்சம் குறைக்க வேண்டும்.

“கசிஞ்சா என்ன, சத்தம்தானே” என்று ஓட்டாதீர்கள். கசிவு வழியாக வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டால் ஆக்ஸிஜன் சென்சார் தப்புக் கணக்கு சொல்லும், இன்ஜின் பெட்ரோலை அதிகமாக ஊற்றும். கார்பன் மோனாக்ஸைடு கேபினுக்குள் வந்தால் வாசனைகூடத் தெரியாது.

முதல் கடையில் பழைய போல்ட்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். “இது நாங்க போட்டதே இல்ல” என்றார்கள். பில்லில் பிராண்டோ சைஸோ இல்லை, என்னால் மேலே பேச முடியவில்லை. நீங்கள் கொடுப்பதாக இருந்தால் போல்ட்டின் கிரேடு, நீளம், நட் வகை மூன்றையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள், மாட்டுவதற்கு முன் தலைகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது மெக்கானிக் ஓட்டையின் ஆழத்தை அளந்து போல்ட் வாங்கினார், ஸ்டட்டுக்குச் செம்பு முலாம் பூசிய முழு உலோக லாக் நட் போட்டார். நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கிக்கொண்டே, “கொஞ்சம் ஓட்டிட்டு, இன்ஜின் நல்லா ஆறினப்புறம் கொண்டு வாங்க, ஒரு தடவை டைட் வச்சுத் தர்றேன்” என்றார். ஃபிளாஞ்சுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் சூட்டில் அமுங்கும், அதனால் இது அவசியம். முதல் கடையில் இதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.