ஷெரிஃப் அலுவலகமா, நகரப் போலீஸா? பே ஏரியாவில் சீருடை போட நினைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

கலிஃபோர்னியாவின் கூப்பர்டினோவுக்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. ஆப்பிளின் தலைமையகம் இருக்கும் ஊர், தமிழ்க் குடும்பங்களுக்கும் குறைவில்லாத ஊர். ஆனால் அவசர எண்ணான 911-ஐ அழைத்தால் வாசலில் வந்து நிற்பது சாண்டா கிளாரா கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஷெரிஃபின் வண்டிதான். பக்கத்தில் சாரடோகாவிலும் லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸிலும் இதே ஏற்பாடு. நகராட்சி கவுண்டிக்கு ஒப்பந்தப் பணம் கட்டுகிறது, ஷெரிஃப் ஆள் அனுப்புகிறார். அலமீடா கவுண்டியில் டப்ளினிலும் அப்படியே. வண்டியில் ‘டப்ளின் போலீஸ்’ என்று எழுதியிருக்கும், ஓட்டுகிறவர் அலமீடா கவுண்டி ஷெரிஃபின் டெபுடி, அதாவது ஷெரிஃபின் கீழ் வேலை பார்க்கும் காவலர்.

இந்த ஊர்களில் வளர்ந்த பிள்ளை ஒன்று “நான் போலீஸ் ஆகப்போகிறேன்” என்று சொன்னால், வீட்டில் எழும் புயல் ஓய்ந்த பிறகு வரவேண்டிய கேள்வி, எந்த வாசல் வழியாக என்பது. எல்லாம் ஒன்றுதானே என்று நினைத்துத் தொடக்கச் சம்பளத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியாகப் பார்த்தால் போதும். பக்கத்துப் பக்கத்து அலுவலகங்கள் ஒரே ஆட்களுக்குப் போட்டி போடுவதால் ஒருவர் ஏற்றினால் இன்னொருவரும் ஏற்றுகிறார். பார்க்கவேண்டியது இரண்டு விஷயம்: முதல் ஐந்து வருடம் எங்கே நிற்கப்போகிறோம், தலைமை நாற்காலியில் உட்காருபவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்.

முதலில் ஷெரிஃப் அலுவலகம் என்ன செய்கிறது என்று தெளிவுபடுத்திவிடலாம். தமிழ்நாட்டில் காவல்துறை தனி, சிறைத்துறை தனி, வீட்டைக் காலி செய்ய வைக்கும் கோர்ட் அமீனா தனி. கலிஃபோர்னியாவில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஷெரிஃபின் கூரைக்குக் கீழே வந்துவிடுகின்றன. நகர எல்லைக்கு வெளியே உள்ள பகுதிகளிலும் ஒப்பந்த ஊர்களிலும் ரோந்து, கவுண்டி சிறை, நீதிமன்றப் பாதுகாப்பு, நோட்டீஸ் கொடுப்பதும் காலி செய்ய வைப்பதும். அலமீடாவில் மரண விசாரணை நடத்தும் கொரோனர் பொறுப்பும் ஷெரிஃபிடமே இருக்கிறது. சாண்டா கிளாராவில் அதை 2016-இல் பிரித்துத் தனித்துறை ஆக்கிவிட்டார்கள். ஆகவே ஷெரிஃபிடம் சேர்ந்தால் ஒரே வேலைக்குள் நாலு தொழில் பார்க்கலாம் என்பது உண்மைதான். எந்தத் தொழிலை முதலில் பார்க்க வைப்பார்கள் என்பதில்தான் சிக்கல்.

அலமீடாவில் பதில் சுலபம்: சிறை. அகாடமி என்ற பயிற்சிப் பள்ளியை முடித்து நட்சத்திரப் பட்டை குத்திக்கொண்ட புது டெபுடி டப்ளினில் உள்ள சாண்டா ரீட்டா சிறைக்குப் போவார். ரோந்து வண்டி கைக்கு வர வருடங்கள் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர்கள் ஆயுதப்படையில் சில வருடம் இருந்துவிட்டுத்தான் தாலுகா ஸ்டேஷனுக்கு மாறுவார்கள் இல்லையா, ஏறக்குறைய அந்த மாதிரி. லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியிலும் காலங்காலமாக இதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்துக்கு ஒரு நியாயம் சொல்வார்கள். ஆயுதமில்லாமல், பேச்சை மட்டும் வைத்து, ஐம்பது அறுபது பேரைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டவன் தெருவில் தடுமாறமாட்டான் என்பது. ஒத்துக்கொள்ளலாம். மறுபக்கமும் இருக்கிறது. தெருவுக்குப் போகும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் இருபத்திரண்டு வயதுக்காரர்களை, மனநலம் குன்றியவர்கள் நிறைந்த ஒரு கட்டடத்தில் வருடக்கணக்கில் பூட்டி வைத்தால் என்ன ஆகும்? லாஸ் ஏஞ்சலஸில் அது வெடித்தது. சிறைக்குள் நடந்த அடிதடியை ஆராய்ந்த குழு 2012-இல் கொடுத்த பரிந்துரைகளில் ஒன்று, சிறை வேலையையே விரும்பி எடுப்பவர்களுக்குத் தனியாக ஒரு பதவி ஏணி வேண்டும் என்பது. அங்கே ஷெரிஃபாக இருந்த லீ பாக்கா, அந்தச் சிறை விவகாரத்தில் எஃப்பிஐ விசாரணைக்குத் தடை போட்டார் என்று 2017-இல் குற்றவாளி எனத் தீர்ப்பானது.

சாண்டா கிளாரா அந்தத் தனி ஏணியை ரொம்ப முன்னாலேயே போட்டுவிட்டது. 1980களின் இறுதியில் கவுண்டி, சிறையை ஷெரிஃபிடமிருந்து பிடுங்கித் தனித்துறை ஆக்கியது. 2010-இல் நிர்வாகம் திரும்ப ஷெரிஃபிடம் வந்தாலும் ‘கரெக்‌ஷனல் டெபுடி’ என்ற பதவி நிலைத்துவிட்டது. சான் ஹோசேயில் உள்ள மெயின் ஜெயில், மில்பிடஸில் உள்ள எல்ம்வுட், இவைதான் அவர்களுடைய உலகம். டெபுடி ஷெரிஃப் என்பது வேறு பதவி. பயிற்சியின் நீளமும் வேறு, அதிகாரத்தின் எல்லையும் வேறு. கரெக்‌ஷனல் டெபுடியாகச் சேர்ந்தவர் ரோந்துக்குப் போக ஆசைப்பட்டால் முழு அகாடமியையும் முடிக்கவேண்டும்.

தனி ஏணி போட்டதால் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 2015 ஆகஸ்டில் மெயின் ஜெயிலில் மைக்கேல் டைரீ என்ற மனநோயாளிக் கைதி அடித்துக் கொல்லப்பட்டார். கைதானவர்கள் மூன்று கரெக்‌ஷனல் டெபுடிகள். 2017-இல் ஜூரி கொலைக்குற்றம் என்று சொன்னது. இடையில் மாறிய மாநிலச் சட்டத்தால் பின்னாளில் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. இந்தச் சாவுக்குப் பிறகு கவுண்டி அமைத்த குழுவுக்குத் தலைவர் ஓய்வுபெற்ற நீதிபதி லடோரிஸ் கார்டெல். இந்தப் பெயர் கீழே இன்னொரு தடவை வரும்.

ஆனாலும் இரண்டு முறைகளில் எனக்கு சாண்டா கிளாராவின் முறைதான் நேர்மையாகப் படுகிறது. சிறை வேலை என்று தெரிந்தே விண்ணப்பிக்கிறார்கள். அலமீடாவில் சேருகிறவர் மனதில் சைரன் வண்டி, கையில் சாப்பாட்டுத் தட்டு எண்ணிக்கை. சாண்டா ரீட்டாவின் மனநலக் கவனிப்பு பற்றிய வழக்கு 2022-இல் உடன்படிக்கையாக முடிந்தது. தற்கொலைத் தடுப்பும் தனிமைச் சிறையும் இப்போது நீதிமன்றத்தின் பார்வையில் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பது என்றால் பாதிக்குப் பாதி மனநல வார்டில் வேலை பார்ப்பது மாதிரி என்று முன்கூட்டியே மனதைத் தயார் செய்துகொள்வது நல்லது.

நகரப் போலீஸுக்கு வருவோம். சான் ஹோசே போலீஸில் சேர்ந்தால் அகாடமி முடிந்ததும் தெருதான், நடுவில் சிறை கிடையாது. அனுபவ அலுவலர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் களப்பயிற்சி, அப்புறம் சொந்த பீட். பத்து லட்சம் மக்கள் அளவுள்ள நகரத்துக்கு ஆள் குறைவு. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. 2012 ஜூனில் ‘மெஷர் பி’ என்ற வாக்கெடுப்பில் நகரம் ஓய்வூதியத்தைக் குறைத்தது. இருந்தவர்கள் பக்கத்து ஊர்களுக்குக் கிளம்பினார்கள். 2008 வாக்கில் சுமார் 1,400 பேர் இருந்த படை ஆயிரத்துக்கும் கீழே போனது. 2016-இல் இன்னொரு வாக்கெடுப்பில் அதைச் சரிசெய்தார்கள். ஆனால் போன ஆட்களைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு லேசாக நடப்பதில்லை. ஆள் குறைவு என்றால் கட்டாய ஓவர்டைம். சம்பளச் சீட்டில் அது அழகாகத் தெரியும், வீட்டில் இருப்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

சன்னிவேல் ஒரு விசித்திரமான ஊர். 1950-இலிருந்து அங்கே போலீஸ், தீயணைப்பு, அவசர மருத்துவம் மூன்றுக்கும் ஒரே ஆள். போலீஸ் அகாடமி, தீயணைப்பு அகாடமி, மருத்துவப் பயிற்சி எல்லாம் முடிக்க ஒன்றரை வருடம் போல ஆகிவிடும். சிறிய படை, எடுக்கும் இடங்கள் சொற்பம். ‘போலீஸா!’ என்று அலறும் அம்மாவிடம் ‘பாதி தீயணைப்புதான்மா’ என்று சொல்லிச் சமாளிக்க வசதியான ஒரே ஊர் இது.

ஓய்வூதியத்தைப் பற்றி இரண்டு வரி. 2013 ஜனவரிக்குப் பிறகு புதிதாகச் சேருபவருக்கு இரு கவுண்டிகளிலும் சன்னிவேலிலும் ஒரே சூத்திரம்: 57 வயதில் ஒரு வருடச் சேவைக்கு 2.7 சதவீதம். முப்பது வருடம் போட்டால் 81 சதவீதம். சான் ஹோசேவுக்கு மட்டும் சொந்தத் திட்டம், அதைத் தனியாகப் படித்துப் பார்க்கவேண்டும்.

ஆள் எடுக்கும் முறையில் இவர்களுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை, ஏனென்றால் அளவுகோலை ‘போஸ்ட்’ என்ற மாநில ஆணையம் வைத்திருக்கிறது. எழுத்துத் தேர்வில் சராசரி மதிப்பெண் 50 என்று வரும்படி கணக்கிடுவார்கள், நம் பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமே இல்லை. உடல் தேர்வில் 165 பவுண்டு பொம்மையை 32 அடி இழுக்கவேண்டும், ஆறடிச் சுவர் ஏறவேண்டும், 500 கெஜம் ஓடவேண்டும். இதற்கு ஆறு மாதம் முன்னாலேயே ஜிம்முக்குப் போகவேண்டும். அகாடமிக்கு மாநிலம் விதிக்கும் குறைந்தபட்சம் 664 மணி நேரம், நடைமுறையில் ஆறு மாதம்.

வடிகட்டுவது பின்னணி விசாரணை. பழைய முதலாளி, அக்கம்பக்கம், முன்னாள் காதலி வரை கேட்பார்கள். கல்லூரியில் கஞ்சா புகைத்ததை ஒத்துக்கொண்டவர் தப்பிக்க வாய்ப்புண்டு. மறைத்தவர் மாட்டினால் அந்த ஒரு அலுவலகத்தோடு முடியாது, அடுத்த அலுவலகமும் அந்தக் கோப்பைக் கேட்கும். மனநலத் தேர்வை யாரும் சடங்காக நினைக்கவேண்டாம். 2022 செப்டம்பரில் அலமீடா ஷெரிஃப் அலுவலகம் 47 டெபுடிகளிடமிருந்து துப்பாக்கியையும் கைது செய்யும் அதிகாரத்தையும் திரும்ப வாங்கியது. மனநலத் தேர்வில் ‘பொருத்தமில்லை’ என்று வந்தவர்களை முன்பு வேலைக்கு எடுத்திருந்தார்கள். அது வெளியே வந்ததே, அங்கு வேலை பார்த்த ஒரு டெபுடி மீது இரட்டைக் கொலைக் குற்றச்சாட்டு எழுந்த பிறகுதான். ஆள் பஞ்சம் வந்தால் ஓர் அலுவலகம் எந்த மூலையை வெட்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டாம்.

இன்னும் ஒன்று. கலிஃபோர்னியாவில் 2022 முதல் 21 வயது கட்டாயம். 2023 முதல் மாநிலச் சட்டத்தில் குடியுரிமை நிபந்தனை இல்லை, சட்டப்படி வேலை செய்யும் உரிமை இருந்தால் போதும். கிரீன் கார்டுக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. எச்-1பி ஒரே முதலாளியோடு கட்டிப்போடும் விசா, அதை வைத்துக்கொண்டு இந்தப் பக்கம் வரமுடியாது.

இப்போது தலைமை. நகரப் போலீஸ் தலைவரை நகர நிர்வாகம் நியமிக்கிறது, பிடிக்கவில்லை என்றால் மாற்றுகிறது. ஷெரிஃபை மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2022-இல் வென்றவர்களுக்குச் சட்ட மாற்றத்தால் ஆறு வருடப் பதவிக்காலம், அடுத்த தேர்தல் 2028-இல். டெபுடிகளின் சங்கம் தேர்தலில் ஒருவரை ஆதரிக்கும், அவர் தோற்றால் அந்தக் கசப்பு அலுவலகத்துக்குள் தங்கும். சாண்டா கிளாராவில் 1998-இல் வென்று மாநிலத்தின் முதல் பெண் ஷெரிஃப் ஆன லாரி ஸ்மித், துப்பாக்கி உரிமம் வழங்கியதில் வேண்டியவர்களுக்குச் சலுகை காட்டினார் என்ற வழக்கில் 2022 நவம்பரில் ஜூரியிடம் தோற்றார், தீர்ப்புக்குச் சில நாள் முன்பு ராஜினாமா செய்திருந்தார். சான் மடேயோ கவுண்டியில் ஷெரிஃபாக இருந்த கிறிஸ்டினா கார்ப்பஸ் மீது நீண்ட விசாரணை அறிக்கை எழுதியவர் மேலே சொன்ன அதே கார்டெல். 2025 மார்ச்சில் மக்கள் வாக்களித்து, ஷெரிஃபை நீக்கும் அதிகாரத்தைக் கவுண்டியை நடத்தும் மேற்பார்வையாளர் குழுவுக்குக் கொடுத்தார்கள்.

டெபுடியாகச் சேருகிற இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு இதனால் என்ன? பதவி உயர்வும் சிறப்புப் பிரிவுகளும் இந்த அரசியலுக்குக் கீழேதான் இருக்கின்றன. சார்ஜென்ட் வரை தேர்வு காப்பாற்றும். அதற்கு மேலே போகப் போக, யார் வென்றார்கள் என்பதும் எடை போடப்படும்.

பாராட்டு விஷயத்தில் எல்லா அலுவலகமும் ஒரே பாட்டுதான் பாடுகின்றன: வீரப் பதக்கம், உயிர்காத்த பதக்கம், ஆண்டின் சிறந்த டெபுடி, சட்டைக் கையில் சேவை வருடக் கோடுகள். கேட்கவேண்டியது, யாருக்குக் கிடைக்கிறது என்று. தெருவில் துரத்திப் பிடித்தவருக்கு மேடை உண்டு. இரவு மூன்று மணிக்கு ஒரு கைதியின் கழுத்திலிருந்து துணியை அவிழ்த்தவரைப் படம் எடுக்க யாரும் இல்லை. சிறை அலுவலர்களுக்கு மே முதல் வாரம், 911 அழைப்பை எடுப்பவர்களுக்கு ஏப்ரலில் ஒரு வாரம் என்று நாடு முழுக்க நாள்கள் உண்டு, பெரும்பாலும் பீட்சாவோடு முடியும். காசாக நிற்கும் அங்கீகாரம் வேறு: போஸ்டின் இடைநிலை, உயர்நிலைச் சான்றிதழ்களுக்குப் பல அலுவலகங்கள் சம்பளத்தில் தனியாகச் சேர்த்துத் தருகின்றன. நேர்காணலில் இதைக் கேட்க யாரும் வெட்கப்படவேண்டாம்.

பதக்கத்தைவிடப் பெரிய அங்கீகாரம் ஒன்று டெக்சாஸில் நடந்தது. ஹாரிஸ் கவுண்டி ஷெரிஃப் அலுவலகம் 2015-இல் டெபுடி சந்தீப் தாலிவால் தலைப்பாகையும் தாடியுமாகச் சீருடை அணிய அனுமதித்தது. 2019-இல் வண்டிச் சோதனையின்போது அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஹூஸ்டனில் ஒரு தபால் நிலையத்துக்கு இன்று அவர் பெயர். நெற்றியில் விபூதியோடு வேலைக்கு வரலாமா என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தக் கேள்விக்கு முன்னோடி அவர்தான்.

என் தேர்வைக் கேட்டால்: தெரு ரோந்துதான் கனவு என்றால் நகரப் போலீஸ், அதிலும் சன்னிவேல் கிடைத்தால் யோசிக்கவேண்டாம். பல பிரிவுகளும் பார்க்கவேண்டும், பொறுமை உண்டு என்றால் அலமீடா. பேசிச் சமாளிப்பதில் திறமை உள்ளவர், சமூகப்பணி அல்லது உளவியல் படித்தவர் என்றால் சாண்டா கிளாராவின் கரெக்‌ஷனல் டெபுடி. அதைக் காத்திருப்பு அறையாக நினைத்துச் சேருகிறவர்கள் சேரவே வேண்டாம். துப்பாக்கியே வேண்டாம் என்பவர்களுக்கு 911 பணி இருக்கிறது. அலமீடாவில் அது ஷெரிஃப் அலுவலகத்துக்குள்ளேயே, சாண்டா கிளாராவில் தனித்துறை.

அகாடமிக்குச் சொந்தக் காசில் போய்விட்டுப் பிறகு வேலை தேடுகிறவர்களும் உண்டு. எந்த அலுவலகமும் எடுக்காவிட்டால் பணமும் ஆறு மாதமும் போச்சு. வேலைக்கு எடுத்து, சம்பளம் கொடுத்து அனுப்புகிற இடமாகப் பார்த்து முதலில் விண்ணப்பியுங்கள். அதற்கும் முன்னால், ரோந்து வண்டியில் பொதுமக்களை ஒரு ஷிஃப்ட் உட்காரவைக்கும் ஏற்பாடு பல இடங்களில் இருக்கிறது. வெள்ளி இரவாகப் பார்த்துக் கேளுங்கள். ஷெரிஃபிடம் போகிறவர்கள் சிறையையும் சுற்றிப் பார்க்கக் கேளுங்கள். முடியாது என்று சொன்னால், ஏன் என்றும் கேளுங்கள்.